கறிவேப்பிலை கீரையா? படித்துப் படித்து அறிவு சேர்க்கும் கணினி

அம்மா மதுரையிலிருந்து பெங்களூரு அல்சூருக்குக் குடிவந்த புதிதில் கன்னடம் ஒரு சொல்கூடத் தெரியாது. காலையில் தள்ளுவண்டிக்காரர் "பாலக் சொப்பு, மெந்தெ சொப்பு, சப்பசிகெ சொப்பு" என்று கூவிக்கொண்டு போவார். பாலக் அம்மாவுக்குத் தெரிந்த கீரை. அப்படியானால் 'சொப்பு' ஒட்டி வருவதெல்லாம் கீரைதான் என்று பிடித்துக்கொண்டார். சப்பசிகெயைக் கண்ணால் பார்ப்பதற்கு முன்பே அது கீரை என்று அவருக்குத் தெரிந்துவிட்டது.

இணையத்தைப் படித்து அறிவு சேர்க்கும் கணினியும் இப்படித்தான் தொடங்குகிறது. அமெரிக்காவின் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் டாம் மிட்செல் குழுவினர் 'நெல்' (NELL: 'ஓயாமல் மொழி கற்பது' என்ற பொருள் தரும் ஆங்கிலப் பெயரின் சுருக்கம்) என்ற நிரலை 2010 ஜனவரியில் ஓடவிட்டார்கள். இரவு பகலாகப் படிப்பதுதான் அதன் வேலையாக இருந்தது. நகரம், நிறுவனம் என ஒவ்வொரு வகைக்கும் பத்துப் பதினைந்து பெயர்களை மட்டும் முதலில் கொடுத்தார்கள். அந்தப் பெயர்களைச் சுற்றி என்னென்ன சொற்கள் வருகின்றன என்று நிரல் பார்க்கும். தமிழில் சொல்வதானால், "மதுரை, சேலம் போன்ற நகரங்கள்". இந்தச் சட்டகத்தோடு திரும்பத் துழாவினால் ஈரோடும் கரூரும் சிக்கும். புதுப் பெயர்கள் புதுச் சட்டகங்களைக் காட்டும். அவை இன்னும் பல பெயர்களைக் கொண்டுவரும்.

சரி, வண்டிக்காரர் "கரிபேவு சொப்பு" என்றும் கூவுவாரே? அது கறிவேப்பிலை. நெல்லும் இதே இடத்தில்தான் தடுக்கியது. ஆங்கிலத்தில் குக்கீ என்றால் பிஸ்கட். உலாவி சேமித்துவைக்கும் சிறு கோப்புக்கும் அதே பெயர். இணையக் குக்கீயைத் தின்பண்டமாகச் சேர்த்துக்கொண்டது நெல். "குக்கீகளை அழித்தேன்", "கோப்புகளை அழித்தேன்" இரண்டும் ஒரே சட்டகம் என்பதால், கோப்பும் தின்பண்டமாகிவிட்டது! ஒரு பிழை அடுத்த பிழைக்கு விதையாகிவிடுகிறது.

அம்மாவைக் காப்பாற்றியது இன்னொரு தடயம். கீரையைக் கட்டுக் கணக்கில் காசுக்குத் தந்தவர், கரிபேவைக் கொசுறாகப் போட்டார். நெல்லுக்கும் இப்படிப் பல தடயங்களைச் சேர்த்துப் பார்க்கக் கற்றுக்கொடுத்திருந்தார்கள். பல வகைகளை ஒரே நேரத்தில் கற்பதால் ஒன்று மற்றொன்றைத் தட்டிக்கேட்கும்: நகரம் என்று ஏற்றதை மனிதர் என்று ஏற்காது. வாக்கியத்தைப் பார்க்க ஒரு பகுதி, பக்கத்திலுள்ள பட்டியல்களையும் அட்டவணைகளையும் பார்க்க ஒரு பகுதி, சொல்லின் எழுத்துவடிவைப் பார்க்க ஒரு பகுதி. பல பகுதிகள் ஒத்துப்போனாலோ, ஒன்றே மிக உறுதியாகச் சொன்னாலோதான் நம்பும். 67 நாளில் 2,42,000-க்கும் மேற்பட்ட தகவல்களைச் சேர்த்தது. அவற்றில் ஏறக்குறைய 74 சதவீதம் சரி என்று மதிப்பிட்டார்கள். இவ்வளவு கட்டுப்பாட்டுக்குப் பிறகும் குக்கீ நுழைந்துவிட்டதால், அவ்வப்போது மனிதர்கள் உட்கார்ந்து திருத்த வேண்டியிருந்தது.

தமிழைப் படிக்க வைப்பதில் கூடுதல் உழைப்பு உண்டு. மதுரையில், மதுரைக்கு, மதுரையைவிட: உருபைப் பிரிக்கத் தெரியாத நிரலுக்கு இவை மூன்றும் வெவ்வேறு சொற்கள். ஆனால் அதே உருபு கைகொடுக்கவும் செய்யும். வெறும் 'ஆறு' என்றால் நதியா, எண்ணா? "ஆற்றில் குளித்தோம்" என்று வந்தால் நதி. "ஆறில் ஒரு பங்கு" என்று வந்தால் எண்.