மூன்று கேசட் என்றால் மூன்று யூனிட் இல்லை

அமெரிக்கப் பேத்தாலஜி லேப் (உடல் திசுவைச் சோதித்து நோயைச் சொல்லும் லேப்) ஒன்றின் இன்சூரன்ஸ் பில்லிங்கை ஆடிட் செய்யும் வேலை அண்மையில் வந்தது. ஃபைலைத் திறந்ததும் கண்ணில் பட்டது ஒரு பித்தப்பை. ஆளுக்கு ஒரு பித்தப்பைதான் இருக்கும், ஆபரேஷனில் எடுத்ததும் ஒன்றுதான், லேபுக்கு வந்ததும் ஒரே டப்பாவில்தான். இன்சூரன்ஸுக்குப் போன கிளைமில் மட்டும், பித்தப்பைப் பரிசோதனைக்கான கட்டணக் கோடு 88304 மூன்று யூனிட். ஏன் என்று ரிப்போர்ட்டைப் பார்த்தால், க்ராஸ் பகுதியின் (திசுவை வெறுங்கண்ணால் பார்த்து விவரிக்கும் பகுதி) கடைசி வரியில் ஏ1, ஏ2, ஏ3 என்று மூன்று கேசட், அதாவது திசுத் துண்டுகளைப் போடும் சின்னப் பெட்டிகள். அவ்வளவுதான் விஷயம். இரண்டு கேசட் போன குடல்வால், நாலு கேசட் போன தோல் பகுதி என்று அடுத்தடுத்து வந்த எல்லாவற்றிலும் இதே கதை.

ஒரு தடவை பார்த்திருந்தால் திருத்திவிட்டுப் போயிருப்பேன். கம்பெனி மாறினாலும் கிளையண்ட் மாறினாலும் இந்தத் தப்பு மட்டும் மாறுவதாகக் காணோம். அதனால்தான் எழுத உட்கார்ந்தேன். ரிப்போர்ட்டைப் பார்த்துக் கோடு போடும் பேத்தாலஜி பிராசஸில் புதிதாகச் சேர்ந்த கோடர்கள், அவர்களுக்குப் பயிற்சி தரும் டீம் லீடர்கள் (டி.எல்.கள்), பில்லிங்கை இந்தியாவுக்கு அனுப்பிவிட்டு அதைத் திரும்பியே பார்க்காத லேப் உரிமையாளர்கள், எல்லோருக்கும் சேர்த்துத்தான் இது.

முதலில் அடிப்படை. 88300 முதல் 88309 வரை உள்ள சர்ஜிகல் பேத்தாலஜி கோடுகளுக்கு யூனிட் என்பது ஸ்பெசிமென். கேசட் இல்லை, பிளாக் (கேசட்டில் உள்ள திசுவை மெழுகில் பதித்த கட்டி) இல்லை, ஸ்லைடு இல்லை. ஸ்பெசிமென் என்றால், 'இதைத் தனியாகப் பார்த்து, தனியாக முடிவு சொல்லுங்கள்' என்று அனுப்பப்பட்ட திசு. சிபிடி (அமெரிக்க மருத்துவக் கட்டணக் கோடுகள்) புத்தகத்தில் இந்தப் பகுதியின் முன்னுரையிலேயே இதைச் சொல்லியிருக்கிறார்கள். முன்னுரையைத்தான் யாரும் படிப்பதில்லை, நேராகக் கோடு பட்டியலுக்குத் தாவிவிடுகிறார்கள்.

'சார், நாலு கேசட் என்றால் நாலு மடங்கு வேலை இல்லையா?' என்று கேட்பார்கள். வேலை கூடத்தான் செய்யும். ஆனால் திசுவை எத்தனை கேசட்டில் போடுவது என்பதை லேப்தான் முடிவு செய்கிறது. திசு பெரிதாக இருந்தால் நாலு, சின்னதாக இருந்தால் ஒன்று, பேத்தாலஜிஸ்ட் கொஞ்சம் சந்தேகப் பேர்வழி என்றால் ஆறு. சட்டைத் துணியை ஐந்து துண்டாக வெட்டிவிட்டு ஐந்து சட்டைக்குக் கூலி கேட்டால் எந்த வாடிக்கையாளர் கொடுப்பார்? சராசரியாக எவ்வளவு வேலை இருக்கும் என்பதைக் கணக்கில் எடுத்துத்தான் இந்தக் கோடுகளை லெவல் லெவலாகப் பிரித்திருக்கிறார்கள். சாதாரணப் பித்தப்பை 88304-இலும், புற்றுக்கட்டிக்காக வெட்டி எடுத்த பெருங்குடல் 88309-இலும் இருப்பது அதனால்தான். கேசட் எண்ணிக்கைக்குத் தனிக் காசு கிடையாது.

இதைச் சொன்னதும் சிலர் அடுத்த பக்கம் சாய்ந்துவிடுகிறார்கள்: 'சரி, அப்போ டப்பாவை எண்ணிக்கொள்கிறேன்.' அதுவும் எப்போதும் சரிவராது. கொலனோஸ்கோபி கேஸ் ஒன்றை எடுத்துக்கொள்வோம். ஏ டப்பாவில் ஏறு குடல் பாலிப், பி டப்பாவில் சிக்மாய்டு பாலிப். கேசட்டுகள் ஏ1, ஏ2, பி1. இதற்கு 88305 இரண்டு யூனிட். இதில் சண்டை இல்லை. இப்போது ஒரே டப்பாவில் 'ஏறு குடல் பாலிப்கள்' என்று எழுதி மூன்று துண்டுகள் வருகின்றன. எது எந்த இடத்தில் எடுத்தது என்று எண்டோஸ்கோபி டாக்டர் பிரித்துச் சொல்லவில்லை, பேத்தாலஜிஸ்டும் மொத்தமாக ஒரே முடிவுதான் சொல்கிறார். இதற்கு ஒன்றுதான். மூன்றாவது ஒரு வகை: ஒரே டப்பாவில் இரண்டு தோல் துண்டுகள், ஒன்றில் தையல் நூல் கட்டியிருக்கிறது. 'நூல் கட்டியது இடது தோள், மற்றது வலது தோள்' என்று ரெக்விசிஷனில் (டாக்டர் அனுப்பும் பரிசோதனைச் சீட்டு) இருக்கிறது. ரிப்போர்ட்டிலும் இரண்டையும் தனித்தனியாக விவரித்து, தனித்தனி முடிவு கொடுத்திருக்கிறார்கள். டப்பா ஒன்றுதான், ஸ்பெசிமென் இரண்டு, யூனிட்டும் இரண்டு. ரிப்போர்ட்டில் அந்தப் பிரிவு இல்லாவிட்டால் இரண்டாவது யூனிட்டும் இல்லை. ஆகவே பார்க்க வேண்டியது ரெக்விசிஷன், க்ராஸ் விவரிப்பு, இறுதி முடிவு மூன்றையும். கேசட் பட்டியலைப் பார்த்துக் கோடு போடுகிறவர் ரிப்போர்ட்டைப் படிக்கவே இல்லை என்றுதான் அர்த்தம்.

இந்தப் பழக்கம் எங்கிருந்து வந்தது என்று தெரியாமல் இல்லை. பல லேப் சாஃப்ட்வேர்களில் இருந்து வரும் எக்ஸ்போர்ட்டில் ஒரு பிளாக்குக்கு ஒரு வரி. கோடருக்கோ மணிக்கு இத்தனை கேஸ் என்று டார்கெட். வரியை எண்ணி யூனிட் போட்டால் டார்கெட் முடிந்துவிடும். போதாக்குறைக்கு, பேத்தாலஜியில் நிஜமாகவே பிளாக்கை எண்ண வேண்டிய கோடுகளும் இருக்கின்றன. ஃப்ரோசன் செக்‌ஷனில் (ஆபரேஷன் நடக்கும்போதே திசுவை உறையவைத்துப் பார்ப்பது) ஸ்பெசிமெனின் முதல் பிளாக்குக்கு 88331, அதே ஸ்பெசிமெனில் கூடுதலாக வரும் ஒவ்வொரு பிளாக்குக்கும் 88332. ஸ்பெஷல் ஸ்டெயின் (திசுவுக்குப் போடும் சிறப்புச் சாயம்) 88312, 88313 இரண்டும் பிளாக் கணக்கு. இவற்றைப் பார்த்துப் பழகிய கை அப்படியே 88305-க்கும் போய்விடுகிறது.

அதைவிட மோசம் இம்யூனோ ஸ்டெயின் (ஆன்டிபாடி கொண்டு போடும் சாயம்). 88342, 88341 இரண்டும் ஸ்பெசிமென் கணக்கு. ஒரு ஸ்பெசிமெனில் முதல் ஆன்டிபாடிக்கு 88342, அடுத்து வரும் ஒவ்வொரு வேறு ஆன்டிபாடிக்கும் 88341. சென்டினல் நிணநீர்க் கணு ஒன்று, மூன்று பிளாக், மூன்றிலும் சைட்டோகெரட்டின் என்ற ஒரே ஆன்டிபாடியைப் போட்டுப் பார்த்திருக்கிறார்கள். யூனிட் ஒன்றுதான். பக்கத்துப் பக்கத்துக் கோடுகளுக்கு இப்படி எதிரெதிர் விதி வைத்தவர்கள் மேல் எனக்கும் கோபம் உண்டு. ஆனால் விதி அதுதான். உங்கள் மேசையில் ஒட்டிவைக்க ஒரே ஒரு தாள் என்றால், எந்தக் கோடுக்கு எதை எண்ணுவது என்ற தாளாக இருக்கட்டும்.

புராஸ்டேட் ஊசி பயாப்ஸிக்குத் தனிக் குறிப்பு. 2015 முதல் மெடிகேருக்கு (அமெரிக்க அரசின் முதியோர் காப்பீடு) எத்தனை கோர் (ஊசியில் எடுத்த திசுத் துண்டு) வந்தாலும் ஜி0416 என்ற கோடு, ஒரே யூனிட். பன்னிரண்டு டப்பாவில் வந்தாலும் ஒன்றுதான். தனியார் பேயர்கள் (இன்சூரன்ஸ் கம்பெனிகள்) எல்லோரும் இதைப் பின்பற்றுவதில்லை, சிலர் 88305-ஐயே கேட்பார்கள். பேயர் பாலிசியைப் பார்த்துவிட்டுப் போடுங்கள்.

'கேன்சர் என்று வந்தால் லெவல் ஏறும்' என்பதும் பாதி உண்மைதான். கருப்பையில் ஏறும்: இறக்கத்துக்காக எடுத்தது 88305, கட்டி இல்லாத மற்றக் காரணங்களுக்கு 88307, கட்டி என்றால் 88309. தோல் பயாப்ஸியில் ஏறாது. மச்சமாக இருந்தாலும் மெலனோமா என்ற தோல் புற்றுநோயாக இருந்தாலும் 88305. பட்டியலில் எழுதியிருந்தால் உண்டு, இல்லாவிட்டால் இல்லை.

குறைத்துப் போடுவதையும் நான் ஏற்பதில்லை. டீகால்சிஃபிகேஷன் (எலும்பு போன்ற திசுவில் இருந்து சுண்ணாம்பை நீக்குவது) நடந்திருக்கிறது என்று க்ராஸ் பகுதியில் தெளிவாக எழுதியிருந்தும் அதற்கான 88311 விட்டுப்போவதை அடிக்கடி பார்க்கிறேன். 'டினையல் (கிளைம் நிராகரிப்பு) வராதபடி பாதுகாப்பாகப் போட்டேன்' என்பார்கள். லேப் செய்த வேலைக்கான காசை விட்டுவிட்டு வருவதில் என்ன பாதுகாப்பு?

யூனிட் தப்பினால் காசு போகும். நோயைக் குறிக்கும் ஐசிடி கோடு தப்பினால் ஒரு மனிதருக்குப் பிரச்சினை. ரெக்விசிஷனில் 'ரூல் அவுட் மெலனோமா' (மெலனோமாவா இல்லையா என்று பாருங்கள்) என்று இருக்கும், கோடர் அதைப் பார்த்து மெலனோமாவுக்கான சி43 போட்டு அனுப்பிவிடுவார். ரிப்போர்ட்டில் வந்ததோ சாதாரண மச்சம், டி22. அந்த நோயாளியின் இன்சூரன்ஸ் பதிவில் இனி தோல் புற்றுநோய். நாளைக்கு ஆயுள் காப்பீடு கேட்டுப் போகும்போதுதான் அவருக்கே தெரியவரும். வெளிநோயாளி கோடிங்கில் 'சந்தேகம்', 'இருக்கலாம்', 'ரூல் அவுட்' மட்டுமல்ல, பேத்தாலஜிஸ்டுகளுக்கு மிகவும் பிடித்த 'கன்சிஸ்டன்ட் வித்' (இதனோடு ஒத்துப்போகிறது) கூட உறுதியான முடிவு ஆகாது. ஐசிடி வழிகாட்டுதலில் பெயர் சொல்லியே இருக்கிறது. டி48.5 என்பது 'ரிப்போர்ட் இன்னும் வரவில்லை' என்பதற்கான கோடும் இல்லை. திசுவைப் பார்த்த பிறகும் அதன் போக்கைச் சொல்ல முடியவில்லை என்று பேத்தாலஜிஸ்ட் எழுதினால் மட்டுமே அது. தயவுசெய்து ரிப்போர்ட் வரும்வரை காத்திருங்கள்.

சர்வீஸ் தேதி, பொதுவாக மாதிரி எடுத்த தேதி. ரிப்போர்ட் கையெழுத்தான தேதி அல்ல. இதற்கு மேல் இதில் விளக்க ஒன்றும் இல்லை.

வாட்ஸ்ஆப், டெலிகிராம் குரூப்புகளைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. ரிப்போர்ட்டை ஃபோனில் படம் எடுத்து, 'ஃப்ரெண்ட்ஸ், இதுக்கு என்ன கோடு வரும்?' என்று போடுகிறீர்களே, என்ன தைரியம் அது? பெயரை மறைத்துவிட்டேன் என்பீர்கள். மேலே அக்செஷன் எண் (லேப் கொடுக்கும் கேஸ் எண்) இருக்கிறது, பிறந்த தேதி இருக்கிறது, மாதிரி எடுத்த தேதி இருக்கிறது. ஹிப்பா என்ற அமெரிக்க மருத்துவத் தகவல் பாதுகாப்புச் சட்டப்படி இவை எல்லாமே ஆளை அடையாளம் காட்டும் விவரங்கள். பதில் சொல்ல வருகிற அண்ணனும் அதைப் பார்க்க உரிமை இல்லாதவர்தான். சந்தேகம் இருந்தால் திசு, எடுத்த முறை, எத்தனை ஸ்பெசிமென் என்று சொந்த வார்த்தையில் எழுதிக் கேளுங்கள். அதைவிட நல்லது, உங்கள் ஆடிட்டரிடம் கேட்பது. அதற்குத்தான் எங்களுக்குச் சம்பளம்.

'நாங்கள் டேட்டா என்ட்ரிதானே, பொறுப்பு லேபுக்குத்தானே' என்று சில மேனேஜர்களே சொல்லக் கேட்டிருக்கிறேன். அமெரிக்காவின் ஃபால்ஸ் கிளைம்ஸ் சட்டம் 1863-இல், லிங்கன் காலத்தில் வந்தது. அரசிடம் பொய்க் கிளைமைக் கொடுத்தவர் மட்டும் அல்ல, தெரிந்தே அதைக் கொடுக்க வைத்தவரும் அதில் மாட்டுவார். இழப்பைப் போல மூன்று மடங்கு, அதற்கு மேல் கிளைம் ஒவ்வொன்றுக்கும் தனி அபராதம். தெரியாது என்று கண்ணை மூடிக்கொண்டிருந்தாலும் சட்டத்தின் பார்வையில் அது தெரிந்து செய்ததுதான். மெடிகேரில் கூடுதலாக வாங்கியது தெரியவந்தால் 60 நாளுக்குள் திருப்ப வேண்டும் என்பது பொது விதி, ஆறு ஆண்டுகள் பின்னோக்கிப் பார்ப்பார்கள். அந்தப் பித்தப்பை லேபின் கணக்காளர் இப்போது அந்த வேலையில்தான் இருக்கிறார்.

லேப் உரிமையாளர்களுக்கு: வசூலில் இத்தனை சதவீதம் என்று ஒப்பந்தம் போட்டால், கூடுதல் யூனிட் போடுவதில் பில்லிங் கம்பெனிக்கும் லாபம் இருக்கிறது என்பதை மறக்காதீர்கள். அமெரிக்கச் சுகாதாரத் துறையின் ஓஐஜி (இன்ஸ்பெக்டர் ஜெனரல் அலுவலகம்) 1998-இலேயே பில்லிங் கம்பெனிகளுக்கான வழிகாட்டுதலில் இதைப் பற்றி எச்சரித்திருக்கிறது. பிசினஸ் அசோசியேட் ஒப்பந்தம் (நோயாளி விவரங்களைப் பாதுகாப்பதாக பில்லிங் கம்பெனி செய்யும் ஒப்பந்தம்) கையெழுத்தாகாமல் ஒரு ரிப்போர்ட்டைக்கூட அனுப்பாதீர்கள். உங்கள் மெடிகெய்ட் (வருமானம் குறைந்தவர்களுக்கான அரசுக் காப்பீடு) ஒப்பந்தம் நோயாளி விவரங்களை நாட்டுக்கு வெளியே அனுப்ப அனுமதிக்கிறதா என்று முதலில் பாருங்கள், எல்லா மாநிலமும் அனுமதிப்பதில்லை. மாதம் ஒருமுறை ஒரு கைப்பிடி கேஸ்களை எடுத்து, ரிப்போர்ட்டையும் கிளைமையும் பக்கத்தில் வைத்து ஒரு பேத்தாலஜிஸ்டே பார்க்கட்டும். பித்தப்பைக்கு மூன்று யூனிட் என்றால் அவர் கண்ணில் உடனே பட்டுவிடும்.

கோடர்களுக்கு இன்னும் ஒன்று. ரிப்போர்ட்டில் புரியாதது இருந்தால் ஊகிக்க வேண்டாம், கேள்வி அனுப்புங்கள். 'பி பகுதியை இரண்டு ஸ்பெசிமென் என்று போடலாமா?' என்று கேட்காதீர்கள். அது பதிலைக் கையில் கொடுத்துவிட்டுக் கேட்கிற கேள்வி, ஆடிட்டில் நிற்காது. 'பி பகுதியில் இரண்டு துண்டுகள் விவரிக்கப்பட்டுள்ளன, முடிவு ஒன்று மட்டும் உள்ளது. தயவுசெய்து தெளிவுபடுத்தவும்' என்று எழுதுங்கள். பேத்தாலஜிஸ்ட் மாற்ற விரும்பினால் தேதி போட்டு அடெண்டம் (ரிப்போர்ட்டில் கூடுதல் குறிப்பு) எழுதுவார். அது வரும்வரை கேஸை ஹோல்டில் வையுங்கள். டார்கெட் பற்றி டி.எல். கேட்டால் ஹோல்டு லிஸ்டைக் காட்டுங்கள்.