கறுப்பு வெள்ளை சிரிப்புத் தொடர் வேடங்கள்: ஹாலோவீன் தெருவில் எது உதவும், எது உதவாது

1964 செப்டம்பரில், ஒரே வாரத்துக்குள், அமெரிக்கத் தொலைக்காட்சியில் இரண்டு பேய்க் குடும்பங்கள் வந்திறங்கின. ஏபிசியில் ‘தி ஆடம்ஸ் ஃபேமிலி’, சிபிஎஸ்ஸில் ‘தி மன்ஸ்டர்ஸ்’. இரண்டு தொடர்களும் 1966-லேயே முடிந்துவிட்டாலும், குழந்தைகள் வேடமிட்டு வீடு வீடாகப் போகும் ஹாலோவீன் நாளான அக்டோபர் 31 நெருங்கினால் அந்த வேடங்களைத் தேடுவோர் இன்றும் உண்டு. ஆனால் அவை ஸ்டூடியோ விளக்குக்கும் கேமராவுக்கும் தைத்த உடைகள். இருட்டில், படியேறி இறங்கும் தெருவுக்கு அப்படியே ஒத்துவராது.

ஆடம்ஸ் குடும்பத்து அம்மா மார்ட்டீஷியாவின் கறுப்பு கவுனையே எடுத்துக்கொள்ளுங்கள். முழங்காலை இறுக்கிப் பிடித்து, கீழே ஆக்டோபஸ் கைகள் போலத் தரையில் பரவும். நின்றால் அழகு; நடந்தால் இடறும். நீளும் துணியில் தைத்து, பின்புறம் முழங்கால்வரை பிளவு விட்டு, உள்ளே ஒரு மடிப்புத் துணி கொடுங்கள். கீழ் விளிம்பு கணுக்காலுக்கு 5 செ.மீ. மேலே முடியட்டும். அந்தக் ‘கைகளும்’ அதற்குக் கீழே இறங்கக் கூடாது.

மன்ஸ்டர் குடும்பத்து அம்மா லில்லி மன்ஸ்டரின் தொங்கும் கைப்பகுதிதான் எங்களை அதிகம் கவலைப்படுத்துவது. வாசலில் வைக்கும், உள்ளே மெழுகுவத்தி எரியும் பூசணி விளக்கு குழந்தையின் பாவாடை உயரத்தில்தான் இருக்கும். மெல்லிய, காற்றாடும் துணி சட்டென்று பற்றிக்கொள்ளும். பாலியஸ்டர் உருகித் தோலில் ஒட்டும். கைப்பகுதியை மணிக்கட்டில் எலாஸ்டிக் வைத்துச் சுருக்கிவிடுங்கள். லேபிளில் ‘ஃபிளேம் ரெசிஸ்டன்ட்’ என்றிருந்தாலும் அது பற்றவே பற்றாது என்று எண்ண வேண்டாம். எளிதில் பற்றாது, நெருப்பை விட்டு விலகினால் விரைவில் அணையும், அவ்வளவே. உங்கள் வாசல் பூசணிக்கு பேட்டரி விளக்கு போதும்.

மன்ஸ்டர் குடும்பத்து அப்பா ஹெர்மன் வேடத்துக்குக் குதிகால் உயர்த்திய பூட்ஸ் வேண்டாம். உயரம் தோளிலிருந்தே வரும்: இரண்டு அளவு பெரிய கோட்டின் தோளுக்குள் ஃபோம் துண்டுகளைத் தைத்து, கையின் நீளத்தைக் குறைத்தால் ஆள் பெரிதாகத் தெரிவார். அவர் கழுத்தின் இருபுறமும் நீட்டிக்கொண்டிருக்கும் போல்ட்டை சூப்பர் க்ளூ போட்டுத் தோலில் ஒட்டுவது ஆபத்து. பிளாஸ்டிக் மூடிகளை ஃபெல்ட் பட்டையில் தைத்து, பின்னால் வெல்க்ரோ வையுங்கள். எதிலாவது மாட்டி இழுபட்டால் தானே பிரிந்துவிடும்.

ஆடம்ஸ் குடும்பத்து அங்கிள் ஃபெஸ்டர் வாயில் பல்பு எரியும். குழந்தை அதைச் செய்து பார்க்காமல் இருக்காது. கண்ணாடி பல்பை வீட்டில் எடுத்தே கொடுக்காதீர்கள். கையில் பிடிக்கிற பிளாஸ்டிக் பொம்மை பல்பு கொடுங்கள்.

உடல் முழுதும் சாம்பல் நிறம் பூசி ‘கறுப்பு வெள்ளை மனிதராக’ வருவது நல்ல யோசனை, ஆனால் பூச்சில் பலர் சறுக்குகிறார்கள். தடித்து ஒரே முறை பூசினால், சிரித்ததும் வாயோரம் வெடிக்கும். தண்ணீரில் குழைக்கும் ஃபேஸ் பெயின்ட்டை, பிழிந்த ஸ்பாஞ்சால் ஒற்றி ஒற்றி, மெலிதாக இரண்டு பூச்சு கொடுங்கள். முதல் பூச்சு நன்றாகக் காய்ந்த பிறகே இரண்டாவது. மாநிறத் தோலில் வெள்ளையும் கறுப்பும் மட்டும் கலந்தால் திட்டுத் திட்டாக, சாம்பல் பூத்தது போல இருக்கும். தோலின் அடர்த்திக்கு நெருங்கிய சாம்பலில் தொடங்கி, மேடான இடங்களை மட்டும் வெளுக்க வையுங்கள். முகத்துக்கு அனுமதித்த நிறமெல்லாம் கண்ணருகே அனுமதித்தவை அல்ல, டப்பாவைப் படியுங்கள். இரண்டு நாள் முன்பே முழங்கையின் உட்புறம் தடவிப் பாருங்கள்.

வண்ண கான்டாக்ட் லென்ஸை விட்டுவிடுங்கள். பார்வைத் திருத்தம் இல்லாத அலங்கார லென்ஸுக்கும் அமெரிக்காவில் மருத்துவர் சீட்டு சட்டப்படி தேவை. அளவு பொருந்தாத லென்ஸ் கருவிழியைக் கீறும். கிருமி புகுந்தால் பார்வையே போகலாம். கறுப்பு வெள்ளைத் தொடரில் கண்ணின் நிறம் எங்கே தெரிந்தது, அதற்கு லென்ஸ் எதற்கு?

சின்னப் பிள்ளைகளுக்கு எங்கள் முதல் தேர்வு ‘கில்லிகன்ஸ் ஐலண்ட்’ (1964–67) தொடரின் கில்லிகன்: சிவப்பு முழுக்கைச் சட்டை, வெள்ளைத் தொப்பி, வெளிர் பேன்ட். இருட்டிலும் கொஞ்சம் தெரியும், எதிலும் மாட்டாது. ஜோடியாக வர ‘ஐ லவ் லூசி’ தொடரின் 1952 சாக்லேட் தொழிற்சாலைக் காட்சி அருமை: சீருடைச் சட்டை, ஏப்ரன், தொப்பி, ஏப்ரனில் பழுப்பு ஃபெல்ட் ‘சாக்லேட்டு’களைத் தைத்துவிட்டால் உருகாது, கையும் அழுக்காகாது. வென்ஸ்டே ஆடம்ஸ் வேடம் சுலபம்: கறுப்பு உடை, வெள்ளைக் காலர், இரட்டைச் சடை. ஆனால் தலை முதல் கால் வரை கறுப்பு, கார் ஓட்டுபவருக்குத் தெரியாது. முதுகிலும் கைவிளிம்பிலும் ஒளியைப் பிரதிபலிக்கும் டேப் ஒட்டுங்கள். பகலில் அது சாம்பல் நிற நாடா போலத்தான் தெரியும்.