'டி' கோடு, 'சி' கோடு

மன்னார்குடிப் பக்கமிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். நாள் தள்ளி நான்கு நாளாகிறது. மருந்துக்கடையில் கர்ப்பப் பரிசோதனைக் கார்டு வாங்கிப் பார்த்ததில் இரண்டாவது கோடு மங்கலாக விழுந்திருக்கிறது. "இதை நம்பலாமா, டாக்டரிடம் போகணுமா? மாமியார், 'மூணு மாசம் முடியட்டும், அதுவரை வெளியே சொல்லாதே, கண்ணு பட்டுடும்' என்கிறார்."

கரு கருப்பைச் சுவரில் பதிந்ததும் ஹெச்.சி.ஜி. என்ற ஹார்மோன் சுரக்கத் தொடங்கும். ஆரம்ப வாரங்களில் இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை அதன் அளவு இரட்டிக்கும். ரத்தத்திலிருந்து சிறுநீருக்கும் வரும். கார்டு தேடுவது அதைத்தான். சரி, எப்படித் தேடுகிறது? எனக்கு அலுக்காத விஷயம் இது.

மூன்று சொட்டு சிறுநீர் விட்டதும் ஈரம் உள்ளேயிருக்கும் தாளில் தானாகவே ஊர்ந்து போகிறது. அதை ஒரு வாய்க்கால் என்று வைத்துக்கொள்ளுங்கள். தலைப்பிலேயே தங்கத் துகள்கள் காத்திருக்கின்றன. பெரும்பாலான கார்டுகளில் இருப்பது நிஜத் தங்கம்தான். ஒவ்வொரு துகளும் சுமார் 40 நானோமீட்டர். ஒரு மில்லிமீட்டர் நீளத்தில் 25,000 துகள்களை வரிசையாக வைக்கலாம். அவ்வளவு பொடியான தங்கம் பச்சை ஒளியை விழுங்கிவிடும், அதனால் மஞ்சளாக இல்லாமல் சிவப்பாகத் தெரியும். நீங்கள் பார்க்கும் சிவப்புக் கோடு அந்தத் தங்கம்தான்!

துகள்களின் மேல் எலியின் செல்களிலிருந்து உருவாக்கிய எதிர்ப்பொருள் (ஒரு குறிப்பிட்ட பொருளைப் பற்றிக்கொள்ளும் புரதம்) ஒட்டியிருக்கிறது. வழியில் ஹெச்.சி.ஜி. வந்தால் அது பற்றிக்கொள்ளும். இரண்டும் சேர்ந்து மிதந்து கார்டில் 'டி' என்று குறித்த இடத்துக்கு வரும்போது, அங்கே தாளோடு பதித்து வைத்த இன்னொரு எதிர்ப்பொருள் அதே ஹார்மோனை மறுபக்கம் பிடித்து நிறுத்துகிறது. தங்கம் அங்கே சேரச் சேரக் கோடு சிவக்கிறது. ஹார்மோன் இல்லையென்றால் பிடிக்க எதுவுமில்லை, தங்கம் 'டி'யைத் தாண்டிப் போய்விடும்.

'சி' கோடுதான் கடைமடை. அங்கிருப்பது எலியின் எதிர்ப்பொருளையே பிடிக்கும். அதனால் கர்ப்பம் இருந்தாலும் இல்லாவிட்டாலும் அது சிவக்க வேண்டும். கடைமடை வயல் நனைந்தால்தானே வாய்க்கால் முழுக்கத் தண்ணீர் ஓடியது என்று நம்புவோம்? 'சி' சிவக்காத கார்டு என்ன காட்டினாலும் நம்பாதீர்கள்.

ஒரே பொருளை மட்டும் பிடிக்கும் எதிர்ப்பொருளை வேண்டிய அளவு தயாரிக்கும் வழியை 1975-ல் கோலர், மில்ஸ்டைன் என்ற இரண்டு விஞ்ஞானிகள் கண்டுபிடித்தார்கள். 1984-ல் நோபல் பரிசு கிடைத்தது. அவர்கள் கர்ப்பப் பரிசோதனை செய்யக் கிளம்பியவர்கள் இல்லை. உடனடிப் பயன் என்ன என்று கேட்டுக் கேட்டே ஆராய்ச்சிக்குப் பணம் ஒதுக்குகிறவர்கள் இதை நினைத்துப் பார்க்க வேண்டும்.

வாசகிக்கு வருகிறேன். கார்டு உறையில் சொன்ன நேரத்துக்குள், பெரும்பாலும் ஐந்து நிமிடத்துக்குள், நிறத்தோடு விழுந்த கோடு மங்கலாக இருந்தாலும் கர்ப்பம் என்றே எடுத்துக்கொள்ளுங்கள். ஹார்மோன் இன்னும் குறைவு, அவ்வளவுதான். நெடுநேரம் கழித்து சாம்பலாகத் தெரிந்தால் அது ஈரம் காய்ந்த தடம். கோடே இல்லாமல் நாளும் தள்ளிக்கொண்டே போனால், ஒரு வாரம் கழித்துக் காலையில் முதலில் போகும் சிறுநீரில் மறுபடி பாருங்கள். அப்போதும் இல்லையென்றால் டாக்டரிடம் போங்கள். சிறுநீரில் சர்க்கரையும் உப்பும் போட்டுப் பார்க்கிறார்களே, அதில் ஹார்மோனைப் பிடிக்க எதுவுமே கிடையாது.

ஆனால் கரு எங்கே தங்கியிருக்கிறது என்று கார்டுக்குத் தெரியாது. கருக்குழாயில் தங்கினாலும் அதே சிவப்புக் கோடுதான் விழும். குழாய் வெடித்தால் உள்ளேயே ரத்தம் கொட்டும், உயிருக்கே ஆபத்து. அடிவயிற்றில் ஒரு பக்கமாக வலி, ரத்தக்கசிவு, தோள்பட்டை வலி, மயக்கம் என்று எது வந்தாலும் காத்திருக்காமல் 108-ஐக் கூப்பிடுங்கள். எதுவும் இல்லாவிட்டாலும் மூன்று மாதம் பொறுக்கக் கூடாது. குழந்தையின் மூளையும் தண்டுவடமும் உருவாகும் குழாய் கருத்தரித்து 28 நாளுக்குள் மூடிவிடுகிறது. அதற்கு வேண்டிய ஃபோலிக் அமிலம் இப்போதே தேவை.

ஊரில் யாருக்கும் சொல்லாமல் இருங்கள், தப்பில்லை. திருக்கருகாவூர் அம்மனையும் கும்பிட்டு வாருங்கள். ஆனால் இந்த வாரமே ஆரம்ப சுகாதார நிலையத்துக்கும் போய்விடுங்கள். கார்டைக் கொண்டுபோக வேண்டாம். கடைசி மாதவிலக்கு தொடங்கிய தேதியைக் காலண்டரில் பார்த்து எழுதிக்கொண்டு போங்கள், முதலில் அதைத்தான் கேட்பார்கள்.