கொடிமலையில் மேகத்தின் தரை

ஸ்காட்லாந்தில் படிக்கும் அக்கா மகன் நவம்பரில் ஒரு படம் அனுப்பினான். நீண்ட மலைமுகடு ஒன்றில் நிற்கிறான். நல்ல வெயில். காலுக்குக் கீழே பள்ளத்தாக்கு முழுக்கப் பாலைக் கொட்டியதுபோல் மேகம். அவன் பகலெல்லாம் நடந்துவிட்டு இரவில் அனுப்பிய படம் எங்களுக்குக் காலையில் வந்தது. அப்போது அவன் தங்கையும் நானும் மலேசியாவின் பினாங்குத் தீவில் கொடிமலையின் ஜீப் பாதையில், அடுத்த வளைவுகூடத் தெரியாத மூடுபனிக்குள் மூச்சு வாங்கிக்கொண்டிருந்தோம்.

"அண்ணன் மேகத்துக்கு மேல நிக்கிறான். நாம மட்டும் ஏன் மாமா உள்ளேயே நடக்கிறோம்?"

நம் மலை குட்டை என்று சொல்லித் தப்பித்திருக்கலாம். ஆனால் கொடிமலையின் மிக உயர்ந்த இடம் 833 மீட்டர். அவன் நின்ற முகடும் கிட்டத்தட்ட அவ்வளவுதான். உயரம் காரணமில்லை. மேகம் அங்கே பிறக்கும் விதம் வேறு, இங்கே வேறு.

இங்கே நடப்பதை முதலில் பார்ப்போம். என் பையில் புந்தோங் கச்சாங் பூத்தே, அதாவது கடலை நொறுக்கு, ஒரு பொட்டலம் இருந்தது. மலையடிவாரத் தாவரவியல் பூங்கா வாசலில் தளர்ந்து கிடந்த பொட்டலம், மேலே போனபோது தலையணை மாதிரி உப்பியிருந்தது. கொடிமலை உச்சியில் காற்றழுத்தம் கடற்கரையில் இருப்பதைவிட ஏறத்தாழ 9 சதவீதம் குறைவு. வெளியே அழுத்தம் குறைந்தால் உள்ளே இருக்கும் காற்று விரியத்தானே செய்யும்.

மலைச்சரிவில் ஏறும் காற்றுக்கும் இதே கதிதான், பொட்டலம் மட்டும் இல்லை. விரிகிற காற்று தன்னைச் சுற்றியுள்ள காற்றைத் தள்ளி இடம் பிடிக்க வேண்டும். தள்ளுவதற்கான ஆற்றலைத் தன் சூட்டிலிருந்தே எடுத்துக்கொள்கிறது; அதனால் குளிர்கிறது. 100 மீட்டர் ஏறினால் ஏறக்குறைய 1 டிகிரி செல்சியஸ் இறங்கும். சைக்கிள் டயரில் காற்றைப் பிடுங்கிவிடும்போது விரலில் சில்லென்று படுவதும் இதனால்தான். மலைக்குப் போனால் சூரியனுக்குப் பக்கத்தில் போகிறோம், சூடுதானே அடிக்க வேண்டும் என்று கேட்கும் பிள்ளைகளிடம் ஒரு சைக்கிளைக் கொடுத்தால் போதும்.

இனி ஈரம். ஐஸ் மைலோ டம்ளரின் வெளிப்புறம் வியர்ப்பதைப் பார்த்திருப்பீர்கள். டம்ளரை ஒட்டிய காற்று குளிர்ந்ததும், அதிலிருந்த நீராவி நீராகிவிடுகிறது. எந்த வெப்பநிலையில் இது தொடங்குகிறதோ அதற்குப் பனிநிலை என்று பெயர். அன்று காலை ஏழு மணிக்குப் பூங்கா வாசலில் என் சின்னக் கருவி 26 டிகிரி காட்டியது, பனிநிலை 23. இடைவெளி 3 டிகிரி. காற்று ஏறும்போது அதன் சூடு 100 மீட்டருக்கு 1 டிகிரி குறைகிறது, பனிநிலையும் மெதுவாக 0.2 டிகிரி குறைகிறது. ஆக, இடைவெளி 1 டிகிரி சுருங்க 125 மீட்டர் ஏற வேண்டும். 3 டிகிரிக்கு 375 மீட்டர். வாசலே கடல்மட்டத்துக்குச் சில பத்து மீட்டர் மேலே இருப்பதால், மேகம் 400-ஐ ஒட்டித் தொடங்க வேண்டும். முதல் பனி முகத்தில் பட்டபோது கைபேசி 430 என்றது. நாங்கள் இருவரும் கொஞ்சம் பெருமைப்பட்டுக்கொண்டோம். இந்தக் கணக்கு எப்போதும் இவ்வளவு சரியாக வராது.

மேகத்தின் அடிப்பக்கம் பலகையால் சீவியதுபோல் தட்டையாகத் தெரிவதற்கும் இதுதான் காரணம். கீழிருந்து வரும் காற்றெல்லாம் ஏறக்குறைய ஒரே உயரத்தில் பனிநிலையைத் தொடுகிறது. கீழே ஜார்ஜ்டவுன் நகரத்திலிருந்து பார்ப்பவர் மேகம் என்கிறார், உள்ளே நடப்பவர் மூடுபனி என்கிறார். பொருள் ஒன்றுதான்.

நீராவி ஒட்டிக்கொண்டு துளியாக ஒரு பிடிமானமும் வேண்டும். தீவைச் சுற்றிக் கடல். அலை தெறிக்கும் உப்புத்துகளும் நகரத்துப் புகையும் தூசும் தாராளமாகக் கிடைக்கின்றன. பிறக்கும் துளியின் விட்டம் ஒரு மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்குதான் இருக்கும். அதனால் விநாடிக்குச் சில மில்லிமீட்டர் வேகத்தில்தான் விழும். லேசாக மேலே வீசும் காற்றே தாங்கிக்கொள்ளும். ஆனால் இலையும் பாசியும் குறுக்கே நின்றால் துளிகள் மோதி ஒட்டும், ஒன்றுசேரும், சொட்டும். மழையே இல்லாமல் மரத்தடியில் மட்டும் நாங்கள் நனைந்தது இப்படித்தான்.

சட்டை மேலும் நனைந்ததற்கு வியர்வையும் காரணம். மேகத்துக்குள் ஈரப்பதம் 100 சதவீதம், வியர்வை உலரவே உலராது என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. 20 டிகிரிக் காற்று ஒரு கன மீட்டருக்குச் சுமார் 17 கிராம் நீராவிதான் கொள்ளும். 30 டிகிரியில் 30 கிராம். நம் தோலை ஒட்டிய காற்றோ 33 டிகிரிக்கு அருகில். அதனால் மூடுபனியிலும் வியர்வை ஆவியாகும். நடுவழியில் 84 எண் ஓய்விடத்தில் தே ஓ (பாலில்லாத தேநீர்) குடிக்க உட்கார்ந்ததும் முதுகு சில்லிட்டதே, அதுதான் சாட்சி.

சரி, அண்ணன் விஷயத்துக்கு வருவோம். அங்கே நவம்பர் என்றால் இலையுதிர்காலத்தின் கடைசி. இரவு 16 மணி நேரம். வானம் தெளிவாகவும் காற்று அடங்கியும் இருந்தால், நிலம் தன் சூட்டை இரவெல்லாம் வானத்துக்கு விட்டுக் குளிர்ந்துபோகும். அதை ஒட்டிய காற்றும் குளிர்ந்து, கனத்து, சரிவுகளில் வழிந்து பள்ளத்தாக்கில் குளமாகத் தேங்கும். அந்தக் குளத்துக்குள்தான் மூடுபனி. அதற்கு மேலே சூடான காற்று மூடிபோல் உட்கார்ந்திருக்கும். உயரப் போகப் போகக் குளிர வேண்டியது தலைகீழாகிவிடுகிறது. மூடியைத் தாண்டி ஏறியவனுக்கு வெயில்.

நமக்கு அந்தக் குளிர்ச்சேமிப்புக்கு நேரமே இல்லை. நவம்பரிலும் இரவு 12 மணி நேரத்தைச் சற்றே தாண்டும், அவ்வளவுதான். சுற்றிலும் வெதுவெதுப்பான கடல். காற்றில் நிறைந்திருக்கும் நீராவி, நிலம் விடும் சூட்டில் பெரும்பகுதியைத் திருப்பி அனுப்பிவிடுகிறது. இங்கே குளிர்ந்த காற்று கீழே தேங்கி மேகமாவது அபூர்வம். சூடான காற்று மேலே போய்த்தான் மேகமாகிறது.

அந்த மேகத்துக்கு இன்னொரு குணமும் உண்டு. நீராவி நீராகும்போது, ஆவியானபோது வாங்கிய வெப்பத்தைத் திருப்பித் தருகிறது. ஒரு கிராமுக்குச் சுமார் 2,500 ஜூல். அதனால் மேகத்துக்குள் ஏறும் காற்று கிலோமீட்டருக்கு 10 டிகிரிக்குப் பதிலாக 4 டிகிரி அளவே குளிர்கிறது. சுற்றியுள்ள காற்றைவிடச் சூடாக இருந்தால் இன்னும் ஏறும், இன்னும் மேகமாகும். இரண்டு பருவக்காற்றுகளுக்கு இடைப்பட்ட இந்த நாட்களில், வலுவான காற்று வந்து கலைக்காத நாளில், மதியத்துக்குள் அது கோபுரமாக எழுந்துவிடும்.

பத்தரைக்கு முகட்டில் வெளுத்தது. கீழே நகரம் 31 டிகிரிக்குப் போயிருக்கும். பனிநிலை 24 என்றால் மேகத்தின் தரை 875 மீட்டர், எங்கள் தலைக்கு மேலே. கடலும் பாலமும் தெரிந்தன. அவள் அண்ணனுக்குப் படம் எடுத்து அனுப்பினாள்.

ஒரு மணிக்கு இறங்கத் தொடங்கினோம். மலையில் நவம்பர் மதியத்தை நான் நம்புவதில்லை. பூங்கா வாசலை அடையும்போதே இடி. மழை அடித்து ஓய்ந்தபின் கருவியைப் பார்த்தாள்: 25, பனிநிலை 24. நிமிர்ந்து பார்த்தோம். நாங்கள் நடந்த முகடு அங்கே இல்லை.

"நூத்தி இருபத்தஞ்சு மீட்டர்தான் மாமா," என்றாள். "அந்தப் பெரிய மரத்துக்குக் கொஞ்சம் மேல."