புதிய கணினியில் திறக்க மறுக்கும் மென்பொருள்: டிஎல்எல் கோப்பை இணையத்தில் தேடுவதற்கு முன்

விண்டோஸ் 10 இயங்குதளத்துக்கு மைக்ரோசொஃப்ட் வழங்கிவந்த வழமையான ஆதரவு 2025 ஒக்டோபர் 14ஆம் திகதியுடன் முடிவடைந்தது. அதையொட்டிக் கொழும்பின் வணிகத் தெருக்களில் பழைய கணினிகள் ஒவ்வொன்றாக மாற்றப்பட்டு வருகின்றன. கடைகளுக்கான பற்றுச்சீட்டு, கையிருப்பு மென்பொருள்களை எழுதிக் கொடுப்பது என் தொழில் என்பதால், ஆண்டுக்கணக்கில் ஓடிய மென்பொருள் புதிய கணினியில் திறக்கவில்லை என்ற முறைப்பாட்டுடன் எனக்கு அடிக்கடி அழைப்பு வருகிறது. முறைப்பாடு பெரும்பாலும் தீர்க்கக்கூடியதே. என்னைக் கவலைக்குள்ளாக்குவது, நான் போய்ச் சேர்வதற்குள் கடையில் நடந்து முடிந்திருக்கும் கைவைத்தியம்.

புறக்கோட்டை இரண்டாம் குறுக்குத் தெருவில் ஒரு புடவைக் கடை. பார்கோட் ஸ்டிக்கர் அச்சிடுவதற்காக நாங்கள் கொடுத்திருந்த சிறு செயலியைத் திறந்ததும், விசிரன்டைம்140 என்ற டிஎல்எல் கோப்பு (செயலிகள் தம் வேலைக்கு அழைக்கும் நிரல் நூலகம்) இல்லாததால் தொடர முடியாது என்று ஒரு செய்தி தோன்றியிருக்கிறது. கடையில் கணினி வேலைகளைப் பார்க்கும் தம்பி கெட்டிக்காரர். கோப்பின் பெயரைக் கைப்பேசியில் தேடி, டிஎல்எல் கோப்புகளை இலவசமாக இறக்கித்தரும் ஓர் இணையத்தளத்திலிருந்து அதை எடுத்து, சிஸ்டம்32 கோப்புறைக்குள் போட்டிருக்கிறார். செய்தி மாறவில்லை. பிறகு அதே கோப்பைச் சிஸ்வாவ்64 கோப்புறையிலும் போட்டதும், செயலியைச் சரியாகத் தொடங்க முடியவில்லை என்று வேறொரு செய்தி வந்திருக்கிறது. “அண்ணா, இப்ப கொஞ்சம் முன்னுக்கு வந்திருக்கு, வேற மெசேஜ் காட்டுது” என்று நம்பிக்கையுடன்தான் என்னிடம் சொன்னார். அவர் முதலாளியின் அவசரத்துக்காக நல்லெண்ணத்துடன் செய்த வேலை அது. ஆனால், பிழை அதனால் ஒரு படி ஆழமாகிவிட்டிருந்தது.

செயலிகளும் நூலகங்களும் 32 பிட், 64 பிட் என இரு வகையாகக் கட்டப்படுகின்றன. 64 பிட் விண்டோஸில் இந்த இரண்டு கோப்புறைகளின் பெயர்களும் தலைகீழாக இருக்கின்றன என்பதை மென்பொருள் எழுதுபவர்கள்கூடப் பலமுறை மறந்துவிடுகிறோம். சிஸ்டம்32 என்ற பெயருடைய கோப்புறையில் 64 பிட் கோப்புகளும், சிஸ்வாவ்64 என்ற பெயருடையதில் 32 பிட் கோப்புகளும் இருக்கின்றன. பழைய செயலிகள் சிஸ்டம்32 என்ற பெயரையே எழுதிவைத்துத் தேடுவதால், பெயரை மாற்றாமல் வைத்துக்கொண்டு, 32 பிட் செயலி அந்த வாசலில் வந்து நின்றால் அதை விண்டோஸ் சத்தமின்றி மற்றைய கோப்புறைக்குத் திருப்பிவிடுகிறது. எங்கள் ஸ்டிக்கர் செயலி 32 பிட். ஆகவே தம்பி முதலில் வைத்த கோப்பை அது பார்க்கவே இல்லை. இரண்டாவது இடத்தில் பார்த்தது, ஆனால் அங்கே இருந்தது 64 பிட் கோப்பு என்பதால் அதை ஏற்ற முடியாமல் நின்றுவிட்டது. 32 பிட் செயலிக்குள் 64 பிட் நூலகத்தை ஏற்றவே முடியாது, எதிர்ப்புறமும் அப்படித்தான்.

நான் மைக்ரோசொஃப்ட்டின் அதிகாரபூர்வமான விஷுவல் சி++ இயக்கத் தொகுப்பின், அதாவது விசிரன்டைம் போன்ற கோப்புகளை நிறுவும் தொகுப்பின், 32 பிட் பதிப்பை ஓட்டினேன். வெற்றிகரமாக நிறுவப்பட்டது என்றது. செயலியைத் திறந்தால் அதே பிழை. ஒரு மணி நேரத்துக்குப் பிறகுதான் எனக்குக் காரணம் புலப்பட்டது. மென்பொருள்களை நிறுவும் விண்டோஸின் பகுதியான விண்டோஸ் இன்ஸ்டோலர், ஒரு கோப்பை வைக்கப் போகும் இடத்தில் அதே பெயரில் ஏற்கெனவே ஒன்று இருந்தால், இரண்டின் பதிப்பு எண்களையும் ஒப்பிடும். இருப்பது சமமானதாகவோ புதியதாகவோ இருந்தால் அதைத் தொடாமல் விட்டுவிடும். அந்தக் கோப்பு 32 பிட்டா 64 பிட்டா, யாரிடமிருந்து வந்தது என்பதையெல்லாம் அது பார்ப்பதில்லை. தம்பி இறக்கிய கோப்பின் பதிப்பு எண் என் தொகுப்பில் இருந்ததை விடப் புதியது. அந்நியக் கோப்பை முதலில் அகற்றிவிட்டுத் தொகுப்பை மீண்டும் ஓட்டிய பின்னரே ஸ்டிக்கர் அச்சாகியது.

இங்கே தொழில்நுட்பத்தை விடப் பாரதூரமான ஒரு விடயம் இருக்கிறது. டிஎல்எல் என்பது வெறும் தரவுக் கோப்பு அல்ல. அது ஏற்றப்பட்ட கணமே, அதை ஏற்றிய செயலிக்குரிய எல்லா உரிமைகளோடும் இயங்கத் தொடங்குகின்ற நிரல். கடன் பேரேடும் வாடிக்கையாளர் விபரங்களும் இருக்கும் கணினியில், அதே கணினியிலேயே வங்கிக் கணக்கையும் திறந்து பார்க்கும் ஒருவர், யார் என்று தெரியாத ஓர் இணையத்தளம் கொடுத்த நிரலை இயங்குதளத்தின் கோப்புறைக்குள் கொண்டுபோய் வைப்பது எவ்வளவு ஆபத்தானது என்பதை விளக்க வேண்டியதில்லை. விசிரன்டைம் போன்ற கோப்புகள் மைக்ரோசொஃப்ட்டிடமிருந்தே இலவசமாக, டிஜிட்டல் கையொப்பத்துடன் ஒரு தொகுப்பாகக் கிடைக்கின்றன. மைக்ரோசொஃப்ட்டின் மென்பொருள் எழுதும் கருவியான விஷுவல் ஸ்டூடியோவின் 2015, 2017, 2019, 2022 ஆகிய நான்கு பதிப்புகளிலும் கட்டப்பட்ட செயலிகளுக்கு ஒரே தொகுப்புப் போதும். கணினி 64 பிட் ஆக இருந்தாலும் செயலி 32 பிட் என்றால் 32 பிட் தொகுப்பையே நிறுவ வேண்டும். ஏற்கெனவே இருக்கும் கோப்பின் மீது சந்தேகம் வந்தால், அதன் பண்புகள் பக்கத்தைத் திறந்து டிஜிட்டல் கையொப்பம் இருக்கிறதா, அது செல்லுபடியாகிறதா என்று பார்த்துக்கொள்ளலாம்.

அந்தக் கடையில் நடந்தவற்றுக்கு முதற் காரணம் எங்கள் செட்அப் (செயலியை நிறுவும் கோப்பு) என்பதையும் சொல்லியாக வேண்டும். பழைய கணினியில் வேறு ஏதோ ஒரு மென்பொருள் அந்த இயக்கத் தொகுப்பை நிறுவி வைத்திருந்தது; எங்கள் செயலி அதன் நிழலில் ஓடியிருக்கிறது. எங்களுக்கு என்ன தேவை என்பதை நாங்களே எடுத்துச் செல்லவில்லை. மென்பொருள் எழுதுபவரின் கணினி இதைக் கண்டுபிடிக்க ஒருபோதும் உதவாது, ஏனெனில் விஷுவல் ஸ்டூடியோவை நிறுவும்போதே இயக்கத் தொகுப்புகளும் கருவிகளும் கூடவே வந்துவிடுகின்றன. விண்டோஸ் ப்ரோ பதிப்புகளில் 2019 முதல் கிடைக்கும் விண்டோஸ் சாண்ட்பொக்ஸ், ஒவ்வொரு முறை திறக்கும்போதும் எதுவும் நிறுவப்படாத புத்தம்புதிய விண்டோஸைத் தருகிறது. இப்போது எங்கள் செட்அப் ஒவ்வொன்றும் அதற்குள் ஒரு முறை ஓடிய பின்னரே கடைக்குப் போகிறது.

பிழைச் செய்தியில் இருக்கும் பெயரை அப்படியே நம்பிவிடக் கூடாது என்பதைச் செட்டியார் தெருவில் உள்ள ஒரு நகைக் கடையின் மின்னணுத் தராசு எனக்குக் கற்றுத்தந்தது. தராசு காட்டும் எடையை நேரடியாகப் பற்றுச்சீட்டுக்குக் கொண்டுவருவதற்காக, அதன் தயாரிப்பாளர் கொடுத்த டிஎல்எல் ஒன்றை, மைக்ரோசொஃப்ட்டின் டொட் நெட் தளத்தில் எழுதிய எங்கள் செயலி அழைத்தது. கடையில் நிறுவியதும் அந்த டிஎல்எல்லை ஏற்ற முடியவில்லை, குறிப்பிட்ட மொட்யூல் (நிரல் கோப்பு) காணப்படவில்லை என்று செய்தி வந்தது. விண்டோஸின் பிழை இலக்கங்களில் அது 126. கோப்போ செயலியின் கோப்புறைக்குள்ளேயே கண்முன்னால் இருக்கிறது! 126 என்ற இலக்கத்துக்கு, பெயர் சொல்லப்பட்ட கோப்பு இல்லை என்பது ஒரு பொருள். அந்தக் கோப்புக்குத் தேவையான மற்றொரு கோப்பு இல்லை என்பது இன்னொரு பொருள். செய்தியில் முதற் கோப்பின் பெயர் மட்டுமே வரும். கோப்பு கிடைத்தும் பிட் பொருந்தாவிட்டால் வரும் இலக்கம் 193. இவ்விரண்டையும் வேறுபடுத்தி அறிந்துகொண்டாலே தேடலில் பாதி குறைந்துவிடும்.

எந்தக் கோப்பு உண்மையில் தேடப்பட்டது என்பதைப் பார்க்க நான் நாடுவது மைக்ரோசொஃப்ட்டின் சிஸ்இன்டர்னல்ஸ் தொகுதியில் உள்ள புரொசஸ் மொனிட்டர் என்ற இலவசக் கருவியை. செயலியின் பெயரை வடிகட்டியாக இட்டு ஓட்டினால், அது தட்டிய ஒவ்வொரு கதவையும் வரிசையாகக் காட்டும். பெயர் காணப்படவில்லை என்ற முடிவுடன் நூற்றுக்கணக்கான வரிகள் வருவதைக் கண்டு கலங்கத் தேவையில்லை. விண்டோஸ் பொதுவாக முதலில் செயலியின் சொந்தக் கோப்புறையிலும், பின்னர் இயங்குதளத்தின் கோப்புறைகளிலும், கடைசியாகப் பாத் எனப்படும் கோப்புறைப் பட்டியலில் உள்ள இடங்களிலும் தேடும் என்பதால், ஓரிடத்தில் இல்லாதது இன்னோரிடத்தில் கிடைத்துவிடுவது இயல்பு. எல்லா இடங்களிலும் தேடி எங்குமே கிடைக்காமற்போன பெயர் எது என்பதையே பார்க்க வேண்டும். தராசு விடயத்தில் அது, அதே தயாரிப்பாளரின் இன்னொரு சிறு டிஎல்எல். என் கணினியில் அவர்களுடைய மேம்பாட்டுத் தொகுதி நிறுவப்பட்டு, அந்தக் கோப்புறை பாத் பட்டியலில் சேர்ந்திருந்ததால், அப்படியொரு கோப்பு தேவை என்பதே எனக்குத் தெரிந்திருக்கவில்லை.

விஷுவல் ஸ்டூடியோவில் நாம் சேர்க்கும் ரெஃபரன்ஸ்களிலும் (செயலிக்குத் தேவையான நூலகத்தைச் சுட்டும் குறிப்புகள்) இதே வகையான மறைப்பு உண்டு. குழுவில் ஒருவர் தன் டி டிரைவில் இருக்கும் கோப்பைச் சுட்டிக்காட்டி ரெஃபரன்ஸ் சேர்த்துவிட்டார் என்று வைத்துக்கொள்வோம். மற்றவருடைய கணினியில் அந்தப் பாதை இல்லாவிட்டாலும் கட்டமைப்பு (செயலியைக் கட்டும் வேலை) வெற்றிபெறலாம், ஏனெனில் கட்டமைக்கும் கருவி வேறு இடங்களிலும், வெளியீட்டுக் கோப்புறையில் முந்தைய கட்டமைப்பு விட்டுச்சென்ற பிரதியிலும்கூடத் தேடும். பழைய பிரதியுடன் கட்டப்பட்ட செயலி கடைக்குப் போய்விடும். வெளியீட்டுக் கோப்புறையை முழுவதுமாக அழித்துவிட்டு மீண்டும் கட்டிப் பார்ப்பதே இதற்குரிய சோதனை. அடுத்து, ரெஃபரன்ஸின் பண்புகளில் கொப்பி லோக்கல் என்பது இல்லை என்றிருந்தால், அந்த நூலகம் வெளியீட்டுக் கோப்புறைக்கு வராது. டொட் நெட் நூலகங்களைப் பகிர்ந்து வைக்கும் நமது கணினியின் பொது அசெம்ப்ளிக் களஞ்சியத்தில் அது இருப்பதால் நமக்கு மட்டும் ஓடும்.

நூலகம் இருந்தும், செயலி எதிர்பார்க்கும் பதிப்பு அதுவல்ல என்று வரும் செய்திகளில் பதிப்பு எண் தொடர்பான குழப்பம் தனியானது. ஒரு டொட் நெட் நூலகத்துக்கு அசெம்ப்ளிப் பதிப்பு, கோப்புப் பதிப்பு என இரண்டு எண்கள் இருக்கலாம். கோப்பின் பண்புகளைத் திறந்தால் கண்ணில் படுவது கோப்புப் பதிப்பு. டொட் நெட் ஃபிரேம்வேர்க் ஒப்பிட்டுப் பார்ப்பது அசெம்ப்ளிப் பதிப்பு. பரவலாகப் பயன்படும் நியூட்டன்சொஃப்ட் ஜேசன் நூலகத்தின் 13.0.1, 13.0.3 ஆகிய இரண்டுக்கும் அசெம்ப்ளிப் பதிப்பு 13.0.0.0 தான். ஆகவே இரண்டு கோப்புகளின் எண்கள் வெவ்வேறாக இருக்கின்றன என்பதைப் பார்த்தவுடனேயே பிழையின் காரணம் அதுதான் என்று முடிவுகட்டிவிட முடியாது. செய்தியில் எழுதப்பட்டிருக்கும் நான்கு பகுதிகள் கொண்ட எண்ணையே ஆதாரமாகக் கொள்ள வேண்டும்.

பழைய மைக்ரோசொஃப்ட் அக்சஸ் தரவுத்தளங்களை வைத்திருக்கும் கடைகளுக்கு ஒரு குறிப்பு. அவற்றைத் திறக்கும் ஜெட் 4.0 இணைப்பி 32 பிட் வடிவில் மட்டுமே உள்ளது. விண்டோஸ் 11 இயங்குதளமோ 64 பிட் வடிவில் மட்டுமே வருகிறது. இணைப்பி பதிவுசெய்யப்படவில்லை என்ற செய்தி வந்தால், எதையும் இறக்கத் தேவையில்லை. செயலியை 32 பிட் ஆகக் கட்டித் தரும்படி எழுதியவரிடம் கேட்டாலே போதும்.

நிறுவல் தோற்றுப்போய் 1603 என்ற எண் வந்தால், அது பாரிய தோல்வி என்பதற்கு மேல் எதையும் சொல்லாது. நிறுவல் படிகளின் விரிவான பதிவேட்டை (லொக் கோப்பை) எழுதும்படி நிறுவியை ஓட்டி, அந்தப் பதிவேட்டில் ரிட்டர்ன் வேல்யூ 3 என்று இருக்கும் முதல் இடத்தைக் கண்டுபிடித்து, அதற்கு மேலே உள்ள வரிகளை வாசிக்க வேண்டும். 1618 என்றால் வேறொரு நிறுவல் இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது. 3010 என்பது தோல்வியே அல்ல. நிறுவல் முடிந்துவிட்டது, கணினியை மீளத் தொடங்க வேண்டும்.

எந்தப் பிழைச் செய்தியும் வராத பிழைதான் எனக்கு மிகுந்த மனவருத்தத்தைத் தந்தது. 2024 ஜனவரி 1ஆம் திகதி வற் வரி 15 வீதத்திலிருந்து 18 வீதமாக உயர்ந்தது. வரி வீதத்தைச் செயலியின் அமைப்புகளைக் கொண்ட ஒரு கோப்பில் எழுதிவைத்திருந்த நாங்கள், அந்தக் கோப்பை மாற்றிப் புதிய செட்அப்பை எல்லாக் கடைகளுக்கும் கொடுத்தோம். சில கடைகளில் 18 வந்தது. சிலவற்றில் 15 அப்படியே இருந்தது. பதிப்பு எண் இல்லாத கோப்புகளைப் பொறுத்தவரை, ஒரு கோப்பு உருவான நேரத்துக்குப் பிறகு மாற்றப்பட்டிருந்தால், பயனர் தன் தேவைக்காக அதைத் திருத்தியிருக்கிறார் என்று கருதி விண்டோஸ் இன்ஸ்டோலர் அதைக் காப்பாற்றி வைக்கும். அச்சுப்பொறியின் பெயரை மாற்றுவதற்காக அந்தக் கோப்பை எப்போதோ திறந்து சேமித்த கடைகளில் எல்லாம் பழைய வரி வீதமும் சேர்ந்து காப்பாற்றப்பட்டுவிட்டது. குறைவாக அறவிட்ட 3 வீதத்தை வாங்கிச் சென்றவர்களிடம் போய்க் கேட்க முடியாது. கடைக்காரர்தான் சுமக்க வேண்டும். இப்போது வரி வீதம் நடைமுறைக்கு வரும் திகதியுடன் தரவுத்தளத்தில் இருக்கிறது. கடைக்காரர் மாற்றக்கூடிய அமைப்புகள், நாங்கள் அனுப்பும் கோப்புகளோடு கலக்காமல் தனிக் கோப்பில் இருக்கின்றன.

எழுத்துருக்களும் ஒருவகையில் நூலகங்களே. தமிழுக்கு லதா, சிங்களத்துக்கு இஸ்கோல பொத்த ஆகிய எழுத்துருக்களின் பெயரைச் சொல்லி வடிவமைக்கப்பட்ட பற்றுச்சீட்டுகள், விண்டோஸ் 10 முதல் அவ்விரண்டும் விருப்பத்தேர்வு அம்சங்களாகப் பிரிக்கப்பட்டுவிட்டதால், புதிய கணினிகளில் வேறு எழுத்துருவில் அச்சாகி வரிகள் இடம் மாறிவிடுகின்றன. இரு மொழிகளையும் தாங்கும் நிர்மலா யூஐ எழுத்துரு விண்டோஸ் 10, 11 கணினிகள் எல்லாவற்றிலும் இருப்பதால், எங்கள் புதிய வடிவங்களை அதிலேயே அமைக்கிறோம்.

புடவைக் கடைத் தம்பியிடம், அடுத்த முறை ஏதாவது வந்தால் எதையும் இறக்குவதற்கு முன் மூன்றை மட்டும் வாட்ஸ்அப்பில் அனுப்பும்படி கேட்டுக்கொண்டேன்: பிழைச் செய்தியின் முழுப் படம், கணினியின் விண்டோஸ் பதிப்பு, அண்மையில் நிறுவிய அல்லது அகற்றிய மென்பொருள்களின் பெயர்கள். கடந்த மாதம் கணக்கு அறையின் கணினியில் அறிக்கை திறக்காதபோது அந்த மூன்றும் வந்தன. படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தபோது 193 என்று இருந்தது. அன்று நான் புறக்கோட்டைக்குப் போக வேண்டியிருக்கவில்லை.