செரீனாவின் மூச்சுத்திணறலும் நம் வீட்டுப் பார்லித் தண்ணீரும்

புகழ் பெற்ற ஒரு பெண் குழந்தை பெற்றால் நம் நாளிதழ்கள் பெரும்பாலும் இரண்டு செய்திகளையே வெளியிடுகின்றன. குழந்தைக்கு வைத்த பெயர் ஒன்று. எத்தனை மாதத்தில் பழைய உடற்கட்டுடன் வேலைக்குத் திரும்பினார் என்பது மற்றொன்று. இருபது ஆண்டுகளாகப் பிரசவம் பார்த்துவரும் எனக்கோ, இவ்விரண்டுக்கும் நடுவே விடுபட்டுப்போகும் வாரங்களே முக்கியமாகப் படுகின்றன.

2017 ஜனவரியில் ஆஸ்திரேலிய ஓப்பன் டென்னிஸ் இறுதிப் போட்டியில் தம் அக்கா வீனஸை வென்றபோது செரீனா வில்லியம்ஸ் ஏறத்தாழ இரண்டு மாதக் கர்ப்பிணி. செப்டம்பர் 1 அன்று, பிரசவ வலியின்போது குழந்தையின் இதயத் துடிப்பு குறைந்ததால் அவசரமாகச் சிசேரியன் செய்து மகளை எடுத்தார்கள். மறுநாளே அவருக்கு மூச்சுத் திணறியது. 2011ஆம் ஆண்டிலேயே நுரையீரலில் இரத்தம் உறைந்து அடைத்து உயிர் பிழைத்தவர் அவர். அறுவைச் சிகிச்சைக்காக, இரத்தம் உறையாமல் இருக்கத் தரப்படும் மருந்தும் அப்போது நிறுத்தப்பட்டிருந்தது. என்ன நேர்கிறது என்பதை உடனே உணர்ந்த அவர், சி.டி. ஸ்கேனும், இரத்த உறைவைத் தடுக்கும் ஹெப்பாரின் மருந்தும் வேண்டும் என்று செவிலியரிடம் கேட்டார். வலி மருந்தின் மயக்கத்தில் பேசுகிறார் என்று செவிலியர் எண்ணினார். மருத்துவர் முதலில் கால்களுக்கு அல்ட்ராசவுண்டு எடுத்தார். அதில் ஒன்றும் தெரியவில்லை. பிறகு எடுத்த சி.டி.யில்தான் நுரையீரலில் இரத்தம் உறைந்திருந்தது தெரிந்தது. இருமி இருமித் தையல் பிரிந்தது, வயிற்றுக்குள் இரத்தம் கட்டியது, வீடு திரும்பிய பின்னும் ஆறு வாரம் படுக்கையிலேயே இருந்தார்.

அந்தச் செவிலியரைக் குறை சொல்லும் தகுதி எனக்கு இல்லை. சிசேரியன் முடிந்த மூன்றாம் நாள் ஒரு பெண் “மூச்சு வாங்குது டாக்டர்” என்றபோது, தூக்கம் இல்லாத களைப்பாக இருக்கும் என்று சொல்லிவிட்டு அடுத்த கட்டிலுக்கு நகர்ந்தவள் நான். அவளுடைய அம்மா விடாமல் என் பின்னாலேயே வந்ததால்தான் திரும்பிச் சென்று நாடியைப் பிடித்துப் பார்த்தேன். நிமிடத்துக்கு 130 இருந்தது. அந்த அம்மா கொஞ்சம் தயங்கியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதை நான் இன்னமும் நினைத்துப் பார்ப்பதுண்டு. பச்சை உடம்பு என்று சொல்லிப் பிள்ளை பெற்றவளைக் கட்டிலை விட்டு இறங்கவிடாமல், தண்ணீரையும் அளந்து கொடுக்கும் வழக்கம் நம் வீடுகளில் இன்றும் உண்டு. இரத்தம் உறைவதற்கு இவ்விரண்டுமே துணைபோகும். சிசேரியன் ஆன மறுநாளே எழுந்து நடக்கச் சொல்வது இதனால்தான்.

அமெரிக்க ஓட்டப்பந்தய வீராங்கனை அலிசன் ஃபெலிக்ஸின் கதை வேறு விதமானது. தாம் கர்ப்பமாக இருப்பது விளம்பர ஒப்பந்தத்தைப் பாதிக்கும் என்று அஞ்சி, வெளியே தெரியாமல் இருக்க இருள் பிரியும் முன்பே ஓடிப் பயிற்சி செய்ததாக அவரே கூறியிருக்கிறார். 2018 நவம்பரில், 32ஆம் வாரத்தில், வழக்கமான பரிசோதனைக்குச் சென்ற இடத்தில் இரத்த அழுத்தம் மிகவும் உயர்ந்திருப்பது தெரிந்து, அவசர அறுவைச் சிகிச்சையில் மகள் பிறந்தாள். அமெரிக்காவில் பேறுகாலத்தில் இறக்கும் கறுப்பினப் பெண்களின் விகிதம் வெள்ளையினப் பெண்களைப் போல ஏறத்தாழ மூன்று மடங்கு. அந்த அபாயம் தமக்கும் உண்டு என்று யாரும் எச்சரிக்கவில்லை என்பதே அவரது குறை. பேறுகாலத்தை ஒட்டிய மாதங்களில் ஓட்டம் தளர்ந்தால் ஊதியத்தைக் குறைக்கக் கூடாது என்று நைக்கி நிறுவனத்திடம் கேட்டதாகவும், அது உறுதி தர மறுத்ததாகவும் 2019 மே மாதம் அவர் வெளிப்படையாக எழுதினார். அதே ஆண்டு ஆகஸ்டில், கர்ப்பத்தைக் காரணம் காட்டி 18 மாதங்களுக்கு ஊதியத்தைக் குறைப்பதில்லை என்று அந்நிறுவனம் தன் விதியை மாற்றிக்கொண்டது. அவரோ 2021இல் டோக்கியோவில் ஒரு தங்கமும் ஒரு வெண்கலமும் வென்று, ஒலிம்பிக் பதக்கங்களின் எண்ணிக்கையைப் பதினொன்றாக்கினார்.

2016இல் ரியோவில் 4x100 மீட்டர் தொடர் ஓட்டத் தங்கத்தை அவருடன் சேர்ந்து வென்ற டோரி போவி, 2023 மே மாதத் தொடக்கத்தில் ஃபுளோரிடாவில் தம் வீட்டில் தனியாக இறந்துகிடந்தார். வயது 32, கர்ப்பம் எட்டு மாதம். மூச்சுத் தடுமாற்றமும் எக்லாம்ப்சியாவும் காரணமாக இருந்திருக்கலாம் என்றது பிரேதப் பரிசோதனை அறிக்கை. எக்லாம்ப்சியா என்பது நம் பாட்டிமார் ஜன்னி என்று அஞ்சிய அதே வலிப்புதான்.

கர்ப்பத்தை மறைப்பது ஓட்டக்காரருக்கு மட்டும் உரிய பழக்கம் அன்று. பதவி உயர்வுப் பட்டியல் வெளியாகும் வரை அலுவலகத்தில் சொல்லாமல், விடுப்பு கேட்க அஞ்சி முதல் பரிசோதனைக்கே ஐந்தாம் மாதத்தில் வரும் பெண்களை நான் ஆண்டுதோறும் பார்க்கிறேன். பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் நிறுவனத்தில் முதல் இரண்டு குழந்தைகளுக்கு 26 வாரச் சம்பள விடுப்பு தர வேண்டும் என்று 2017 முதல் நம் நாட்டுச் சட்டம் சொல்கிறது. ஆனால் தாமதமாக வருவதால் இழப்பதைச் சட்டத்தால் ஈடுகட்ட முடியாது. இரத்த அழுத்தம் உயரும், ஜன்னிக்கு முந்தைய நிலையான பிரீ எக்லாம்ப்சியா வரும் வாய்ப்பு அதிகம் உள்ளவர்களுக்குக் குறைந்த அளவு ஆஸ்பிரின் தருகிறோம். அதைப் பதினாறாம் வாரத்துக்கு முன்பே தொடங்கினால்தான் நல்ல பலன் கிடைக்கும்.

கால் வீங்கினால் பார்லித் தண்ணீர் குடித்துப் பார்ப்பது நம் ஊர் வழக்கம். குடிப்பதில் தவறில்லை, ஆனால் அது இரத்த அழுத்தத்தை அளக்காது. இருபதாம் வாரத்துக்குப் பிறகு 140/90 என்ற அளவைத் தொட்டாலே கவனம் தேவை. 160/110 என்றால் அன்றைக்கே மருத்துவமனையில் சேர வேண்டும். விடாத தலைவலி, கண் மங்கல், வலப்புற விலாவுக்குக் கீழே வலி, முகமும் கையும் திடீரென வீங்குதல் ஆகிய எதுவும் காலை வரை காத்திருக்கக் கூடியவை அல்ல. பிள்ளை பிறந்துவிட்டதால் எல்லாம் முடிந்தது என்று எண்ணி, தாய்வீட்டில் பத்தியச் சாப்பாட்டோடு இருக்கும்போது இரத்த அழுத்தத்தை யாரும் பார்ப்பதில்லை. பிரீ எக்லாம்ப்சியாவோ பிரசவத்துக்குப் பின் ஆறு வாரம் வரையிலும்கூடத் தலைகாட்டலாம். குழந்தைக்குத் தடுப்பூசி போடச் செல்லும் நாளில் உங்கள் கையையும் நீட்டி, அளந்த எண்ணை அட்டையில் எழுதித் தரச் சொல்லுங்கள்.