விழுந்து மூன்று வாரம் கழித்து வரும் ஆபத்து

தலைக்காயம் என்றதும் எல்லாருக்கும் ஹெல்மெட்தான் நினைவுக்கு வரும். அதைப் பற்றிப் பேசப் பலர் இருக்கிறார்கள். மூளை அறுவை சிகிச்சைப் பிரிவில் வேலை செய்பவன் என்ற முறையில் நான் சொல்ல நினைப்பது, வண்டியே ஏறாமல் தலைக்காயத்தோடு வருகிறவர்களைப் பற்றி.

பாத்ரூமில் வழுக்கியோ வாசற்படியில் இடறியோ விழும் 65, 70 வயதுக்காரர்கள் இவர்கள். லேசான அடிதான், ரத்தமோ மயக்கமோ இருக்காது. தைலம் தடவிக்கொண்டு மறந்துவிடுவார்கள். மூன்று நான்கு வாரம் கழித்து மகன் கூட்டிக்கொண்டு வருவார். "அப்பா கொஞ்ச நாளா ஒரு மாதிரி இருக்கார் டாக்டர். சட்டைப் பட்டன் போடத் தடுமாறுறார், நடந்தா ஒரு பக்கமா சாயறார். வயசாயிடுச்சு, அதான்னு விட்டுட்டோம்." கீழே விழுந்தீர்களா என்று பெரியவரைக் கேட்டால் இல்லை என்பார். "தீபாவளி சமயத்துல பாத்ரூம்ல விழுந்தீங்களே மாமா" என்று மருமகள்தான் எடுத்துக்கொடுப்பார். (இந்த விஷயத்தில் மருமகள்களின் ஞாபகத்தை நான் முழுதாக நம்புவேன்.)

வயது கூடும்போது மூளை கொஞ்சம் சுருங்குகிறது. மூளைக்கும் அதை மூடியிருக்கும் டியூரா என்ற தடித்த உறைக்கும் நடுவே இடம் விரிகிறது. அங்கே குறுக்கே ஓடும் மெல்லிய சிரைகள் இழுபட்டு நிற்கின்றன. ஒரு சின்னக் குலுக்கலில் அவற்றில் ஒன்று கிழிந்தாலும் ரத்தம் கசியும். இடம் தாராளமாக இருப்பதால் உடனே ஒன்றும் தெரியாது. வாரக்கணக்கில் அது பெருகி, பழைய என்ஜின் ஆயில் போலக் கறுத்து, மூளையை அழுத்தும்போதுதான் தலைவலி, குழப்பம், பேச்சுக் குழறல், ஒரு பக்கக் கைகால் தளர்ச்சி, ஓயாத தூக்கம் எல்லாம் தலைகாட்டும். நாள்பட்ட சப்டியூரல் ரத்தக்கட்டு என்பார்கள். விழுந்த அன்று எடுத்த ஸ்கேன் நார்மலாக இருந்தாலும் இது வரலாம்.

ஆஸ்பிரின், குளோபிடோக்ரெல், வார்ஃபரின் மாதிரி ரத்தம் உறையாமல் தடுக்கும் மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கும் தினமும் குடிப்பவர்களுக்கும் ஆபத்து அதிகம். அதற்காக மாத்திரையை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள்; இதயத்தில் ஸ்டென்ட் வைத்தவருக்கு அதுவே வினையாகும்.

எனக்குக் கோபம் வருவது, பக்கவாதம் என்று தாங்களே முடிவுகட்டி, ஸ்கேன்கூட எடுக்காமல் ஆஸ்பிரின் கொடுத்துவிட்டு வருகிறவர்களைப் பார்த்துத்தான். கசிகிற ரத்தத்துக்கு அந்த மாத்திரை இன்னும் வழிவிடும். மறதி நோய் பெரும்பாலும் மாதக்கணக்கில், வருடக்கணக்கில் மெல்ல வரும். போன மாதம் வரை பென்ஷன் கணக்குப் பார்த்தவர் இந்த மாதம் தடுமாறினால் அதை வயதின் தலையில் போடக் கூடாது.

சி.டி. ஸ்கேன் சில நிமிட வேலை. கட்டு சிறிதாக இருந்தால் கவனித்து வந்தாலே போதும். பெரிதென்றால் மண்டையோட்டில் ஒன்றிரண்டு சிறு துளையிட்டு வடித்துவிடுவோம். பலருக்கு அந்த இடத்தை மட்டும் மரக்கச்செய்தாலே போதும். பெரும்பாலோர் நன்றாகத் தேறிவிடுகிறார்கள். சிலருக்குத் திரும்பச் சேரும், அதனால் மறுபரிசோதனைக்கு வர வேண்டும்.

விழுந்தவர் திரும்பத் திரும்ப வாந்தி எடுத்தாலோ, வலிப்பு வந்தாலோ, எழுப்பினாலும் எழாவிட்டாலோ உடனே 108ஐக் கூப்பிடுங்கள். ஒன்றும் இல்லையென்றால், சரி, விழுந்த தேதியைக் காலண்டரில் குறித்து வையுங்கள். அப்புறம் இரண்டு மாதம் அவர் நடையையும் பேச்சையும் கவனியுங்கள்.